வீட்டுக்கு எந்தக் காபி மெஷின்? மூன்று பேருக்கு டிகாஷன், ஒருவருக்குக் கப்புச்சினோ

#1 மடிப்பாக்கம்_மணி

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. வீட்டுக்கு ஒரு காபி மெஷின் வாங்கலாம் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

வீட்டில் நாலு பேர். அப்பா, அம்மா, நான் மூவரும் ஃபில்டர் காபி. 80:20 (காபி 80, சிக்கரி வேர்ப்பொடி 20) கலந்த பொடி, தெருமுனைக் கடையில் வறுத்து அரைத்துத் தருவது. காலையில் ஒரு டம்ளர், மூன்று மணிக்கு இன்னொன்று. மனைவிக்கு ஆபீஸ் மெஷினில் கப்புச்சினோ குடித்துப் பழகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமையும் அது வேண்டும் என்கிறாள்.

மெஷின் யோசனை வந்ததே அம்மாவால்தான். ஐந்து மணிக்கு எழுந்து டிகாஷன் இறக்குகிறார். விரல் மூட்டில் வலி. ஃபில்டர் இறுகிக்கொண்டால் திறக்க முடியாமல் என்னை எழுப்புகிறார்.

பட்ஜெட் 25,000. கடையில் காட்டியவை: எலக்ட்ரிக் டிரிப் மேக்கர், 15 பார் எஸ்பிரெசோ மெஷின், 20 பார் எஸ்பிரெசோ மெஷின், கேப்ஸ்யூல் மெஷின் (பொடி அடைத்த சின்னக் குப்பியைப் போட்டால் காபி வருவது). கொட்டையைப் போட்டால் தானே அரைத்துக் காபி போடும் மெஷினும் காட்டினார்கள், அது பட்ஜெட்டைத் தாண்டுகிறது. அண்ணன் டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வருகிறான். அங்கே விலை குறைவு, வாங்கி வரச் சொல்லலாமா?

#2 டபரா_செட்

25,000 ரூபாய்க்கு எங்கள் வீட்டில் நாலு வருஷத்துக்குக் காபிப்பொடி வரும் :)

#3 பாரிஜாதம்

மணி, மெஷின் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. அம்மா ஐந்து மணிக்கு எழுந்து டிகாஷன் போடுவதுதான் பிரச்சினை என்றால், ராத்திரி படுக்கப் போகும் முன் நீங்களே போட்டு வைக்கலாமே? பத்து மணிக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் காலையில் கள்ளிச்சொட்டாக இறங்கியிருக்கும். அம்மா பாலைக் காய்ச்சிக் கலந்தால் போதும். டிகாஷனை அடுப்பில் வைத்துச் சுட வைக்க வேண்டாம், கசந்துவிடும். பால் நன்றாகப் பொங்கிச் சூடாக இருந்தால் அந்தச் சூடே போதும். போதாது என்றால் டிகாஷன் கிண்ணத்தை வெந்நீரில் இரண்டு நிமிஷம் வையுங்கள்.

ஃபில்டர் இறுகுவதற்கும் வழி உண்டு. கீழ்ப் பாத்திரத்தை மட்டும் ஒரு நிமிஷம் சூடான தண்ணீரில் நிறுத்தினால் அது விரிந்து கொடுக்கும், மேல் பாத்திரம் சுலபமாகக் கழன்று வரும். டிகாஷன் சொட்டாமல் நின்றுபோனால் பெரும்பாலும் உள்ளே காற்று அடைத்திருக்கும். மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி வைத்தால் மறுபடி சொட்டும். ஓட்டை அடைத்திருந்தால் வெறும் மேல் பாத்திரத்தை அடுப்புத் தீயில் ஒரு நிமிஷம் காட்டித் தட்டுங்கள், எங்கள் பாட்டி காலத்து வைத்தியம்.

#4 கோவை_கிரெமா

நான் எஸ்பிரெசோ கட்சி. ஆனாலும் பாரிஜாதம் மேடம் கேட்டது நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொள்கிறேன்.

மணி சார், முதலில் 15 பாரா 20 பாரா என்ற குழப்பத்தை விடுங்கள். எஸ்பிரெசோ என்பது சூடான தண்ணீரை அழுத்தத்தோடு பொடி வழியே தள்ளி எடுக்கும் கெட்டிக் காபி, அதற்கு வேண்டிய அழுத்தம் 9 பார். பெட்டியில் போட்டிருக்கும் 15, 20 எல்லாம் உள்ளே இருக்கும் சின்ன அதிர்வு பம்பு எவ்வளவு தள்ள முடியும் என்ற கணக்கு. காபியின் மேல் அவ்வளவு அழுத்தம் விழத் தேவையில்லை, விழுந்தால் ருசியும் நன்றாக இராது. ஆகவே 20 பாருக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, தண்ணீரின் சூடு 90 முதல் 96 டிகிரிக்குள் நிலையாக நிற்கிறதா. இரண்டு, பொடி போடும் கூடை எந்த வகை. மலிவான மெஷின்களோடு வருவது இரட்டை அடிப்பாகம் உள்ள கூடை. அடியில் ஒரே ஒரு ஊசித்துளைதான் இருக்கும், பொடி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அந்தத் துளையே அழுத்தத்தை உண்டாக்கிவிடும். மேலே நுரை மாதிரி வரும், உண்மையான கிரெமா (எஸ்பிரெசோவின் மேல் படியும் பொன்னிற நுரை) இல்லை. ஒற்றை அடிக் கூடையில் அந்த வேலையைப் பொடிதான் செய்ய வேண்டும். 18 கிராம் பொடி போட்டு, 25 முதல் 30 நொடிக்குள் 36 கிராம் அளவு காபி இறங்க வேண்டும். கடையில் அரைத்த பொடியில் இது வராது. கொட்டை அரைக்க நல்ல கிரைண்டர் தனியாக வேண்டும், மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகவும் பாதி ரவையாகவும் வரும்.

அதனால் 25,000 முழுவதையும் மெஷினில் கொட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிரைண்டருக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். கையால் சுற்றும் கிரைண்டரே போதும்.

#5 சர்வீஸ்_சாமி

வீட்டு உபயோகச் சாமான்கள் ரிப்பேர் பார்த்து ரிட்டயர் ஆனவன். அண்ணன் வாங்கி வரும் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: வேண்டாம்.

அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 120-க்குச் செய்த ஹீட்டரை நம் பிளக்கில் நேராகச் செருகினால் அது இழுக்கும் வாட் மூன்றரை மடங்குக்கு மேல் போய்விடும், ஒரே நொடியில் சாம்பல். டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாமே என்பீர்கள். மெஷின் 1,400, 1,500 வாட். அதற்கு 2,000 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது மெஷினைவிடக் கனமாக இருக்கும், சமையல் மேடையில் வைக்க இடமும் இராது. அதிர்வு பம்பு வேறு மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ப ஓடுவது, 50-ல் மெதுவாகிவிடும். வாரண்டியும் கிடையாது.

அண்ணனிடம் கைக் கிரைண்டர் வாங்கி வரச் சொல்லுங்கள். அதற்குக் கரண்டே வேண்டாம்.

#6 மடிப்பாக்கம்_மணி

நன்றி சாமி சார், அண்ணன் தப்பித்தான். பாரிஜாதம் மேடம், நேற்று ராத்திரி நானே போட்டேன். அம்மா ஐந்தரைக்குத்தான் எழுந்தார். ஆனால் "தண்ணி ஜாஸ்தி" என்று ஒரு குறை.

இன்னொரு வேடிக்கை. எஸ்பிரெசோ மெஷின் வாங்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "அது கல்யாண வீட்டுல புஸ்ஸுனு சத்தம் போடுமே, அதுவா? மேல சாக்லேட் பொடி தூவித் தருவானே? வேண்டாம்டா" என்கிறார்.

#7 பழைய_பேப்பர்

அப்பா சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. நம் ஊரில் "எஸ்பிரெசோ" என்று பல வருஷம் குடித்தது இன்ஸ்டன்ட் பொடியில் சர்க்கரை போட்டு, பாலில் ஆவி அடித்து நுரைக்க வைத்தது. ரயில்வே ஸ்டேஷன், கல்யாண மண்டபம், பொருட்காட்சி எல்லா இடத்திலும் அதுதான். அந்த மெஷினில் காபியை வடிக்கிற வேலையே கிடையாது, ஆவி மட்டும்தான். (சும்மா சொல்லக் கூடாது, டிசம்பர் மாதக் கல்யாணத்தில் அதற்கு ஈடு கிடையாது.)

ஆவியில் ஆரம்பித்தது என்னவோ உண்மைதான். இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மொரியோண்டோ 1884-ல் முதல் காப்புரிமை வாங்கினார். 1901-ல் மிலானில் லூயிஜி பெஸேரா ஒவ்வொரு கோப்பையாகப் பிடிக்கிற மாதிரி மாற்றினார். இரண்டும் ஆவி அழுத்தம்தான், ஒன்றரை இரண்டு பாரைத் தாண்டாது. அந்தக் காபி கொஞ்சம் தீய்ந்துதான் இருந்திருக்கும். அகிலே காஜியா 1938-ல் காப்புரிமை வாங்கிய முறை, போர் முடிந்தபின் கைப்பிடியும் ஸ்பிரிங்கும் வைத்த மெஷினாகக் கடைக்கு வந்தபோதுதான் அழுத்தம் ஏறியது, மேலே அந்தப் பொன்னிற நுரை படிந்தது. இன்றைக்கு எஸ்பிரெசோ என்பது அதற்குப் பின் வந்தது.

கடையில் 3.5 பார் என்று நாலைந்தாயிரத்துக்கு விற்கிறார்களே, மேல் மூடியைத் திருகித் தண்ணீர் ஊற்றும் மாடல், அதில் பம்பு கிடையாது. காஜியாவுக்கு முந்தைய தத்துவம் அது.

#8 நியூஜெர்சி_நாகு

டிரிப் மேக்கர் பற்றி யாரும் எழுதவில்லையே. இங்கே வீட்டுக்கு வீடு அதுதான். பட்டனைத் தட்டினால் பத்து நிமிஷத்தில் ஒரு ஜாடி காபி. ஆனால் மணி, உங்கள் வீட்டுக்கு அது அப்படியே சரிப்படாது. இங்கே கணக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 அல்லது 60 கிராம் பொடி. பால் இல்லாமல் குடிக்கிற காபி. அதில் நம் அளவுக்குப் பால் ஊற்றினால் காபி போன இடம் தெரியாது.

நான் செய்வது: 60 கிராம் பொடி, கால் லிட்டருக்குச் சற்றே கூடுதலாகத் தண்ணீர். அது டிகாஷன். கறுப்பாக, கெட்டியாக வரும். ஃபில்டருக்கு அரைத்த நைஸ் பொடி போட்டால் வலை அடைத்துக்கொண்டு மேலே வழிந்துவிடும். கடையில் சொல்லி ஒரு சுற்று கொரகொரப்பாக அரைத்து வாங்க வேண்டும். சிக்கரி 20-க்கு மேல் வேண்டாம். முக்கியமாக, கண்ணாடி ஜாடியைச் சூட்டுத் தட்டிலேயே விட்டுவிடாதீர்கள். அரை மணியில் கருகிய வாசனை வந்துவிடும். ஃபிளாஸ்க் மாதிரி ஜாடி உள்ள மாடல் கிடைத்தால் நல்லது.

நம் ஊர்க் கம்பெனிகளே டிகாஷனுக்கென்று சின்ன டிரிப் மேக்கர் செய்கிறார்கள். 450, 600 வாட்தான். அம்மாவுக்கு அது போதும் என்று தோன்றுகிறது.

#9 டபரா_செட்

//அம்மாவுக்கு அது போதும்//

நாகு, எங்கள் வீட்டில் ஒன்று பரணில் தூங்குகிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். டிகாஷன் வந்தது, மணம் வரவில்லை. ஃபில்டரில் பொடி பத்துப் பதினைந்து நிமிஷம் தண்ணீரோடு ஊறுகிறது. டிரிப்பில் தண்ணீர் வந்த வேகத்தில் ஓடிவிடுகிறது. இரண்டும் ஒன்றாக முடியுமா?

#10 காவேரி_டெல்டா

என் வழக்கம் யாருக்கும் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். என்னிடம் இருப்பது 15 பார் பம்பு மெஷின். 90:10 சிக்கரிப் பொடியை இரட்டை அடிக் கூடையில் போட்டு எடுக்கிறேன். இரண்டு ஷாட், மேலே காய்ச்சிய பால், டபராவில் ஒரு ஆற்று. கும்பகோணத்துக்காரன் நான், எனக்கே பிடித்திருக்கிறது.

#11 கோவை_கிரெமா

டெல்டா அண்ணே, உங்கள் மெஷின் உங்கள் இஷ்டம். ஆனால் புதிதாக வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். சிக்கரி காபிக்கொட்டை மாதிரி இல்லை. தண்ணீர் பட்டதும் ஊதிப் பிசுபிசுத்துப் போகும், சாறு சடசடவென்று கரைந்துவிடும். மெதுவாகச் சொட்டும் ஃபில்டரில் அது நல்ல குணம். டிகாஷனுக்கு நிறமும் கெட்டியும் அதனால்தான். எஸ்பிரெசோ கூடையில் அதே குணம் துளையை அடைக்கும். 90:10 என்பதால் உங்களுக்கு ஓடுகிறது. மணி வீட்டு 80:20-ஐப் போட்டால் பம்பு முனகும், சொட்டு சொட்டாகத்தான் வரும். கடைகளில் 60:40 வேறு விற்கிறது. சட்டப்படி காபி 51 சதவீதம் இருந்தால் போதும், மீதி முழுக்கச் சிக்கரி இருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் யாராவது மெஷினில் போட்டால் என்ன ஆகும்?

#12 காவேரி_டெல்டா

அடைக்கத்தான் செய்யும். அதற்குத்தான் ஊசி வைத்திருக்கிறேன் :) ஆனால் ஒன்று, உங்கள் சுத்தமான எஸ்பிரெசோவில் நம் அளவுக்குப் பால் ஊற்றிப் பாருங்கள். புளிப்பும் பாலும் தனித்தனியாக நிற்கும். சிக்கரி இல்லாமல் நம் காபியின் உடம்பு, அதாவது வாயில் நிற்கும் அந்தக் கெட்டித்தன்மை, வராது.

#13 ஏற்காட்டுக்காரி

உடம்பு வேண்டுமென்றால் ரொபஸ்டா வகைக் கொட்டை இருக்கிறதே அண்ணா. இன்னொரு வகையான அரபிகாவோடு கால் பங்கு நல்ல ரொபஸ்டா சேர்த்து, கொஞ்சம் கறுக்க வறுத்தால் பாலைத் தாங்கும், மேலே நுரையும் கெட்டியாக நிற்கும். இத்தாலிக்காரர்களும் பல கலவைகளில் அதைத்தான் செய்கிறார்கள், அதற்கு நம் நாட்டு ரொபஸ்டாவையும் வாங்குகிறார்கள். ரொபஸ்டாவில் கஃபீன் அரபிகாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் அப்பா அம்மாவுக்கு மாலைக் காபியில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புளிப்பு என்கிறீர்களே, அது இளம் வறுப்புக் கொட்டையாக இருக்கும். இப்போது புதிய வறுப்பகங்கள் பெரும்பாலும் பால் இல்லாமல் குடிப்பவர்களுக்காக வறுக்கின்றன. பாலில் கலக்க நடுத்தரத்துக்கு மேல் வறுத்தது கேளுங்கள். எங்கள் மலையில் சில்வர் ஓக் நிழலில் மிளகுக் கொடியோடு வளர்க்கிற கொட்டையை அப்படி வறுத்தால் சாக்லேட் மாதிரி ஒரு வாடை வரும். ஊர்ப்பாசம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

மணி அண்ணாவுக்கு என் யோசனை மோக்கா பாட். அல்ஃபோன்சோ பியாலெட்டி கம்பெனி 1933-லிருந்து செய்வது, அடுப்பில் வைப்பது, மூன்று பாகம். கெடுவதற்கு ஒரு ரப்பர் வளையம் தவிர ஒன்றும் இல்லை. பொடியை அழுத்தக் கூடாது, தண்ணீர் வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும், தீ சின்னதாக இருக்க வேண்டும், களகளவென்று சத்தம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் டிகாஷனுக்கும் எஸ்பிரெசோவுக்கும் நடுவில் ஒன்று கிடைக்கும். அண்ணிக்கு அதில் கப்புச்சினோ செய்யலாம். சூடான பாலை பிரெஞ்ச் பிரஸ்ஸில் (தண்டில் மாட்டிய வடிகட்டி உள்ள காபிக் குடுவை) ஊற்றி வடிகட்டியை மேலும் கீழும் அடித்தால் அருமையான நுரை வரும். மொத்தச் செலவு உங்கள் பட்ஜெட்டில் ஒரு மூலைக்குப் போதும்.

சிக்கரிப் பொடி மட்டும் இதில் வேண்டாம். வடிகட்டி அடைத்தால் கீழே அழுத்தம் ஏறும்.

#14 சிங்கை_செல்வி

நான் கேப்ஸ்யூல். இரண்டு பேர் உள்ள வீடு, இருவரும் வேலைக்கு ஓடுகிறவர்கள். காலையில் ஒரு நிமிஷத்தில் காபி, கழுவ எதுவும் இல்லை. அதற்குமேல் புகழ ஒன்றும் இல்லை. ஒரு கேப்ஸ்யூலில் 5, 6 கிராம்தான் பொடி. கோவை_கிரெமா சொன்ன 18 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் டம்ளர் அளவு பாலுக்கு இரண்டு போட வேண்டும். நாலு பேர், இரண்டு வேளை என்றால் மாதாந்திரச் செலவைக் கேட்டு உங்கள் அப்பா கோபித்துக்கொள்வார். அந்த மெஷினுக்குப் பொருந்துகிற கேப்ஸ்யூல்தான் வாங்க வேண்டும். தெருமுனைக் கடைக்காரர் உறவு அத்தோடு முடிந்தது. மணி வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

#15 மாடி_வீட்டுக்காரன்

கொட்டை போட்டால் காபி வரும் மெஷின் என்னிடம் இருக்கிறது. அதன் அருமையும் அவஸ்தையும் தெரிந்தவன். பட்ஜெட்டை ஏற்றலாமா என்று மணி யோசித்தால் இதைப் படித்துவிட்டு யோசிக்கட்டும்.

அருமை: பெரியவர்கள்கூடப் பட்டன் தட்டிக் குடிக்கலாம். அரைப்பு, அழுத்தம், அளவு எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அவஸ்தை: கொட்டை மட்டும்தான் போட முடியும், சிக்கரிக்கு இடம் இல்லை. பொடி போடத் தனிக் குழி இருக்கிறது, அதில் ஒரு கரண்டிதான், ஒரு தடவைக்கு ஒரு கோப்பைதான். எண்ணெய் மினுமினுக்கும் கறுப்பு வறுப்பைப் போட்டால் உள்ளே இருக்கும் கிரைண்டரில் அப்பிக்கொள்ளும். காபி வடிக்கும் பாகத்தை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். பால் போகும் குழாயைத் தினமும். சக்கைத் தட்டை இரண்டு நாள் மறந்தால், அதுவும் சென்னை மழைக்காலத்தில், பூஞ்சை பூத்திருக்கும். ஊருக்குப் போகும்போது காலி செய்யாமல் போய்விட்டால் வந்து திறக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பெரிய சண்டை சூட்டுக்குத்தான். மெஷின் நுரைக்கிற பால் 60, 65 டிகிரி. அதற்கு மேல் போனால் நுரை உடையும், பாலின் இனிப்பும் போகும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். என் மாமியார் முதல் வாய் குடித்துவிட்டு, "மாப்பிள்ளை, இது ஆறிப்போச்சே" என்றார். கடைசியில் மெஷினில் காபியைப் பிடித்து, பாலை அடுப்பில் காய்ச்சிக் கலந்து கொடுக்கிறோம். விலையில் பாதி அந்தப் பால் நுரைக்கும் பாகத்துக்குத்தான் கொடுத்திருப்போம்.

#16 பாரிஜாதம்

//இது ஆறிப்போச்சே//

நாக்கு சுடாத காபி எந்த வீட்டில் செல்லும்?

மணி, "தண்ணி ஜாஸ்தி" என்றாரே அம்மா. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினீர்களா? பொடியைப் போட்டு, குடையை (ஃபில்டருக்குள் வைக்கும் பிடியுள்ள ஓட்டைத் தட்டு) லேசாக வைத்து, முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி ஒரு நிமிஷம் விடுங்கள். பிறகு மெதுவாக மீதியை. தலைதட்டிய பத்து ஸ்பூன் பொடிக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் வேண்டாம். மூன்று பேருக்குச் சரியாக வரும். மேலே இன்னொரு முறை ஊற்றி எடுக்கிற இரண்டாம் டிகாஷன் மூன்று மணிக் காபிக்கு ஆகாது, அதற்கும் புதிதாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் டிகாஷன் எதிர்பாராமல் வருகிற விருந்தாளிக்குத்தான், அதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள்.

#17 கோவை_கிரெமா

விருந்தாளி என்றதும் ஞாபகம் வந்தது. எஸ்பிரெசோ மெஷின் வாங்க ஆசைப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள். சின்ன மெஷின்களில் ஒரே ஒரு ஹீட்டர். காபிக்கு 93 டிகிரி, ஆவிக்கு 130. காபி எடுத்துவிட்டுச் சூடு ஏறக் காத்திருந்து பாலை நுரைத்து, மறுபடி சூடு இறங்கக் காத்திருந்து அடுத்த காபி. ஒருவருக்கு ஐந்து நிமிஷம். நாலு பேருக்கு என்றால் கடைசி ஆளுக்கு வரும்போது முதல் ஆள் ஆபீஸ் கிளம்பியிருப்பார். பத்துப் பேர் வந்தால் மெஷினுக்குத் துணி போட்டு மூடிவிட்டு ஃபில்டரை எடுப்பேன், இது என் வீட்டில் எழுதப்படாத சட்டம்.

அதனால்தான் சொல்கிறேன், ஃபில்டருக்குப் பதிலாக எஸ்பிரெசோ மெஷின் என்று யோசிக்காதீர்கள். அது ஃபில்டரின் பெரிய அண்ணன் இல்லை, வேறு பானம் செய்கிற வேறு சாமான். அந்தப் பானம் பிடித்தவர் வீட்டில் இருந்தால் வாங்குங்கள்.

#18 மடிப்பாக்கம்_மணி

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை மனைவியிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "நானும் மாமாவும் ஒரே மெஷின்லதான் குடிக்கணும்னு யார் சொன்னது?"

ஆக இப்படி முடிவாகி இருக்கிறது. அம்மாவுக்கு அகல வாய் உள்ள புது ஃபில்டர், ஆறு பேர் அளவு. ராத்திரி டிகாஷன் என் பொறுப்பு. பாரிஜாதம் மேடம் சொன்னபடி நனைத்து ஊற்றியதில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாஸ் என்று அர்த்தம். மனைவிக்கு மட்டும் சின்ன பம்பு மெஷின். பட்ஜெட்டில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, அண்ணனிடம் கைக் கிரைண்டர்.

மோக்கா பாட் யோசனையை மனைவியிடம் சொன்னேன், ஏற்காட்டுக்காரி அக்கா மன்னிக்கவும். பிரெஞ்ச் பிரஸ்ஸில் பாலை அடிக்கிற வேலையை யார் செய்வது என்று கேட்டாள். பதில் என்னிடம் இல்லை.

மூன்று சந்தேகம். கிரைண்டர் டிசம்பரில்தான் வரும், அதுவரை என்ன பொடி போடுவது? எங்கள் வீட்டில் பாலை வாங்கியதும் காய்ச்சிவிடுவோம், அந்தப் பால் நுரைக்குமா? சமையல் மேடையில் இருப்பது மிக்ஸிக்கான சின்ன பிளக், அதில் செருகலாமா?

#19 கோவை_கிரெமா

அண்ணி வாழ்க. டிசம்பர் வரை இரட்டை அடிக் கூடையையே வையுங்கள். சிக்கரி இல்லாத சுத்தக் காபிப்பொடி, ஃபில்டர் அரைப்பே போதும், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கொட்டை ரகங்களில் பீபரி, பிளாண்டேஷன் ஏ எது கிடைத்தாலும் சரி, என்றைக்கு வறுத்தது என்று மட்டும் கேளுங்கள். கிரைண்டர் வந்ததும் ஒற்றை அடிக் கூடைக்கு மாறலாம். மெஷினோடு அது வருகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், சில மாடலில் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

காய்ச்சிய பால் நுரைக்கும். ஆனால் ஆடையைச் சுத்தமாக வடிகட்டி, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து எடுங்கள். நுரை நிற்பது பாலில் உள்ள புரதத்தால், வழவழப்பு கொழுப்பால். ஆவின் நீலப் பாக்கெட்டில் (கொழுப்பு குறைவு) நுரை உயரமாக வரும், வாயில் ஒன்றும் நிற்காது. பச்சைப் பாக்கெட்டில் இரண்டும் அளவாக இருக்கும். நான் பச்சைதான்.

#20 ஏற்காட்டுக்காரி

மன்னிப்பெல்லாம் வேண்டாம் அண்ணா. கரண்ட் போகிற அன்றைக்கு என்னைத் தேடுவீர்கள். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் அந்த மெஷின் ஓடாது. மோக்கா பாட் வாங்கினால் அலுமினியமா ஸ்டீலா என்று பாருங்கள், அலுமினியம் இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. கேஸ் அடுப்பில் வைக்க, கால்களின் மேல் போடும் சின்ன வளையத் தட்டு பாத்திரக் கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் பாட் நடுவில் விழுந்துவிடும்.

#21 சர்வீஸ்_சாமி

சின்ன பிளக் 6 ஆம்பியர். 1,350 வாட் மெஷின் ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும், 1,500 வாட் என்றால் ஆறரை. சில நாள் ஓடும், பிறகு பிளக் பழுத்துக் கருகும். ஃபிரிட்ஜுக்கோ மைக்ரோவேவுக்கோ போட்ட 16 ஆம்பியர் பெரிய பிளக் எங்கே இருக்கிறதோ அங்கே மெஷினை வையுங்கள். அடாப்டர் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீரும் ஹீட்டரும் ஒன்றாக இருக்கிற சாமான்.

தண்ணீர்: மடிப்பாக்கம் போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே வெள்ளையாக உப்பு படிந்து ஆறு மாதத்தில் ரிப்பேருக்குக் கொண்டுவந்து விடுவீர்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரில் ருசி சப்பென்று இருக்கும், தண்ணீர் அளவை மின்சாரத்தால் அறியும் சில மாடல்களில் டேங்க் காலி என்று பொய் சொல்லும். ஆர்ஓ தண்ணீரோடு கொஞ்சம் மெட்ரோ தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெஷின் புத்தகத்தில் சொன்னபடி உப்பு நீக்குங்கள். வினிகர் ஊற்றாதீர்கள், வாடை போகாது, ரப்பரும் கெடும்.

பில் போடும் முன் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கைப்பிடி மாட்டும் இடத்து ரப்பர் வளையம் தனியாக எங்கே கிடைக்கும்? அது ஒன்றிரண்டு வருஷத்தில் கெட்டிப்பட்டு ஓரத்தில் தண்ணீர் ஒழுகும், மாற்றினால் சரியாகிவிடும். "அதெல்லாம் ரிப்பேரே வராது சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.